டேவிட் லீன் செய்த கவ்வாத்து

ஹட்டனிலிருந்து அவிசாவளைப் பாதை வழியாகக் கொழும்புக்கு இறங்குகிற பிரயாணிகள், கித்துல்கலையில் சற்றுத் தாமதித்து, களனி கங்கைக் கரையில் ‘குவாய் நதிப் பாலம்’ படமாக்கப்பட்ட ஸ்தலத்தை எட்டிப் பார்ப்பதுண்டு. 1957-இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிச் சென்ற அப்படத்தின் டைரக்டர் டேவிட் லீன், 1946-லேயே சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைத் திரைக்குக் கொணர்ந்தவர். பாலத்தைக் காட்டிலும் அதுவே அரிய சாதனை என்பது என் அபிப்பிராயம்.

1860 டிசம்பர் முதல் மறு ஆகஸ்ட் வரை வாரந்தோறும் வெளிவந்து, வாசகரின் ஆவலைத் தணியவிடாமல் கிளைக்குமேல் கிளைவிட்டு 59 அத்தியாயங்களாக விரிந்த அந்த விக்டோரியா காலக் கதையை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்குவதென்றால், நம் தோட்டங்களில் தேயிலைச் செடிக்குச் செய்வதுபோல் தயவுதாட்சணியமின்றிக் கவ்வாத்து செய்யத்தான் வேண்டும். கதாநாயகன் பிப்பைக் கொல்ல எத்தனிக்கும் ஓர்லிக் என்ற துஷ்டனை லீன் அடியோடு நீக்கிவிட்டார். படம் பார்ப்பவருக்கு அவன் இல்லாத குறையே தெரிவதில்லை.

வெட்டினால் மட்டும் போதாது, எழுத்தில் உள்ளதைக் கண்ணுக்கும் காதுக்கும் உரியதாக்க வேண்டும். சதுப்பு நிலத்தின் ஓரமாக ஓடிவரும் சிறுவன், இடுகாட்டில் காற்றில் முனகும் மரத்தை அச்சத்தோடு நிமிர்ந்து பார்த்து, திரும்பி ஓட எத்தனிக்கையில், தப்பியோடிய கைதியின் மீதே மோதிக்கொள்ளும் அந்த ஆரம்பக் காட்சியில், டிக்கன்ஸ் விஸ்தாரமாக வருணித்த பயங்கரம் முழுவதும் க்ஷணநேரத்தில் நம் நெஞ்சில் இறங்கிவிடுகிறது.

ஆயினும் ஒரு வெட்டு எனக்குச் சம்மதமில்லை. நாவலில் செல்வம் இழந்த பிப், கெய்ரோவில் வியாபார ஸ்தாபனமொன்றில் குமாஸ்தாவாக உழைத்துக் கடனடைத்து, பதினொரு ஆண்டுகள் கழித்தே ஊர் திரும்புகிறான். படமோ அக்கீழ்த்திசை வாசத்தைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது. லண்டன் ரசிகருக்கு அது உபரியாகத் தோன்றியிருக்கலாம்; எங்களுக்கோ அப்படியல்ல. அந்நாவல் அச்சேறிக்கொண்டிருந்த நாட்களில், மன்னார் வழியே கால்நடையாக வந்த நம் முன்னோர் இம்மலைகளின் கோப்பித் தோட்டங்களில் துரைமார்க்கு உழைத்துக்கொண்டிருந்தார்கள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது அதற்குப் பின், 1867-இல். சீமையின் சௌபாக்கியத்தில் ஒரு பங்கு கடல்கடந்த நாடுகளிலிருந்தே போயிற்று என்பதை டிக்கன்ஸ் போகிறபோக்கிலேனும் குறித்து வைத்தார். எங்கள் பக்கத்தார் ஒருவர் அந்நாவலைத் திரைக்கதையாக்கத் துணிவாரானால், ஓர்லிக்கை அவரும் விட்டுவிடக்கூடும். கெய்ரோவை விட அவருக்கு மனம் வராது.