பழைய பியானோ விறகல்ல

கட்டபெட்டில் நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று, பாட்டனார் தோட்ட பங்களா ஏலத்தில் வாங்கிய பழைய நிற்கும் பியானோவை விறகுக்கு விற்க முனைந்தது. "சாமி, பாதிக் கட்டைகள் அழுத்தினால் எழும்புவதில்லை, மீதிக்கு ஓசையே இல்லை" என்றார் குடும்பத் தலைவர். அவர் மகளோ கண் கலங்கி நின்றாள். முன்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றோம்.

ஏறத்தாழ 1700-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி முதல் பியானோவை அமைத்தார். அன்றுமுதல் அடிப்படை ஒன்றே: கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் கம்பியைத் தட்டி உடனே பின்வாங்கும். அச்சுத்தியலின் தலையில் அழுத்திய கம்பளி உண்டு. இரும்புச் சட்டமும் மரமும் நூறாண்டு தாங்கும். முதலில் நைந்துபோவன கம்பளியும் தோலும் துணியுமே. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் அந்துப்பூச்சியும் அவற்றையே தேடி வருகின்றன.

உள்ளே நாம் கண்டதும் அதுவே. சுத்தியல் பின்வாங்கத் துணைபுரியும் நாடாக்கள் இற்றுப்போயிருந்தன. சுத்தியல் அசையும் மூட்டுகளில் சிற்றூசியைச் சூழ்ந்த துணி ஈரத்தால் உப்பி இறுகியிருந்தது. கம்பளியில் கம்பிகள் பள்ளம் பறித்திருந்தன. இவை யாவும் திருத்தக்கூடிய குறைகளே. நாடாவை மாற்றலாம், மூட்டுத் துணியைப் புதுப்பிக்கலாம், கம்பளியை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து வடிவாக்கலாம், மிக மெலிந்திருப்பின் புதிது பொருத்தலாம்.

எண்ணெய் மட்டும் விடலாகாது. இளமையில் நாம் ஒரு பியானோவுக்கு நல்லெண்ணத்தோடு எண்ணெய் விட்டோம். துணி அதைக் குடித்துத் தூசியோடு இறுகியது. இருந்த ஓசையும் நின்றது.

ஆயினும் எல்லாப் பியானோவும் பிழைப்பதில்லை. இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள் சேர்ந்து 15 டன்னுக்கு மேல் இழுக்கின்றன. சுருதி ஆணிகளைத் தாங்கும் பலகை பிளந்திருந்தால் சுருதி நில்லாது. அதனைச் சீராக்கும் செலவோ பெரிது. ஆதலின் அப்பலகையை முதலில் சோதித்த பின்னரே சிறு பகுதிகளுக்குப் பணம் செலவிடுதல் நன்று. தேர்ந்த பணியாளரைத் தேடுவோர், 1842-இல் மிஸ்குவித் கம்பெனியாகத் தோன்றிய சென்னை மியூசி மியூசிகல் போன்ற பழைய இசைக்கருவிக் கடைகளில் விசாரிக்கலாம்.

அக்குடும்பத்துப் பியானோவில் பலகை உறுதியாயிருந்தது. பணி முடிய மூன்று மாதங்கள் ஆயின. இன்று மாலை வேளையில் அவ்வழியே செல்வோர் செவியில் சிறுமியின் பயிற்சி விழுகிறது. இரண்டு கட்டைகள் இன்னும் சற்றே தயங்குகின்றன. அவளோ அவற்றுக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டாள். உங்கள் வீட்டிலும் அத்தகைய பியானோ இருந்தால், விற்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.