தொய்ந்த பலகைத் தளமும் திருகு முட்டும்

நெடுநாள் ஆளில்லாமற் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வரும் குடும்பம் முதலிற் பார்ப்பது கூரையை, அடுத்துக் கிணற்றை. ஓடு போயிருந்தால் தறப்பாளையாவது இழுத்துக் கட்டுகிறோம். கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்து குடிதண்ணீருக்கு வழி தேடுகிறோம். மேலே உள்ள பலகைத் தளத்தை எவரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. முதற்போகம் விளைந்து, நெல் மூட்டைகளை மேலே ஏற்றி வைத்த பின்னர்தான் அது நடக்க நடக்கத் துள்ளுவதும், நடுவில் தொட்டில்போலத் தொய்ந்திருப்பதும் கண்ணிற் படுகின்றன. அந்நேரம் அதன் கீழே பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள்.

எல்லா வீட்டிலும் பலகைத் தளம் இல்லை என்பது உண்மையே. நம்மில் அநேகரின் வீடு மண் நிலமோ சீமெந்து நிலமோ கொண்டது. ஆயினும் பழைய கல்வீடுகளின் மேலறை, சந்திக் கடைகளின் மேற்தட்டு, விதை நெல்லும் விதை வெங்காயமும் வைக்கும் பரண் ஆகியவை மரத்தின்மேலேயே நிற்கின்றன. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் 2009இற்குப் பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, பல இடங்களில் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. சுவரும் மரமும் மிஞ்சிய வீடுகளோ இருபது வருட மாரி மழையைக் குடித்திருந்தன. அத்தகைய வீடொன்றின் தளத்தை உயர்த்தி நிறுத்தத் திருகு முட்டு, அதாவது மரையைத் திருகி உயர்த்தும் ஜக்கு, எவ்வாறு உதவும், எங்கே உதவாது என்பதையே இங்கு சொல்ல முற்படுகிறோம்.

துள்ளுதல் வேறு, தொய்தல் வேறு. பலகைகளைத் தாங்கும் மரங்களைத் தீராந்தி என்கிறோம். தீராந்தி நல்ல மரமாக இருந்தும், அதன் நீளத்திற்கேற்ற உயரம் இல்லாவிட்டால் தளம் துள்ளும். இதில் ஆபத்துக் குறைவு, எரிச்சல்தான் அதிகம். தொய்வு அப்படியன்று. மரம் நிரந்தரமாக வளைந்துவிட்டது, அல்லது எங்கோ உக்கிவிட்டது, அல்லது அதைச் சுமக்கும் சுவர் இறங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

தொய்வை அளக்க ஒரு நூல் போதும். தீராந்தியின் அடிப்பக்கத்தில் இரு முனைகளிலும் மூன்று அங்குலக் கட்டை ஒவ்வொன்றை வைத்து, அவற்றின் கீழாக நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் மரத்திற்கும் நூலுக்கும் இடையே ஒன்றரை அங்குலந்தான் இருக்கிறதென்றால், தொய்வு ஒன்றரை அங்குலம். அந்த அளவைச் சுவரிற் கரியால் எழுதி வைக்கவும், பின்னர் தேவைப்படும்.

அடுத்து ஒரு குத்தூசியை எடுத்துக்கொண்டு தீராந்தியின் முனைகளுக்குச் செல்லுங்கள். நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சுவருக்குள் புதைந்த முனை ஈரத்தை உறிஞ்சி, காற்றுப் படாமல் உக்குகிறது. பனை மரமானால் இன்னுமொரு சூழ்ச்சி உண்டு. அதன் வெளிப்பாகம் கருவைரம், உட்பாகம் மென்மையானது. கறையான் உள்ளே புகுந்து மென்மையானதைத் தின்று, வைரத்தை ஓடுபோல விட்டுவிடும். வெளித்தோற்றத்தில் ராசா மாதிரி நிற்கும். சுத்தியலாற் தட்டினால் பறைபோல ஒலிக்கும். குத்தூசி எதிர்ப்பின்றி அரை அங்குலம் இறங்கினால் அந்த இடம் போய்விட்டது என்று கொள்ளலாம்.

முனை உக்கியிருக்கும்போது நடுவில் முட்டு வைப்பதால் பயனில்லை. மரம் அந்த முட்டின்மேல் தராசுக்கோல்போல ஆடத் தொடங்கும். முட்டு சுவரோரமாக, மரத்தின் நல்ல பகுதிக்குக் கீழே நிற்க வேண்டும். சுவரே ஷெல் பட்டு வெடித்துச் சாய்ந்து நின்றால் ஜக்கைத் தொடவே வேண்டாம். தளத்தை உயர்த்தும் விசை அந்தச் சுவரைத் தள்ளிவிடக்கூடும். கீழே எவரும் படுக்காமற் செய்து, அனுபவமுள்ள ஓடாவி ஒருவரை அழைத்துத் தளத்தைக் கழற்றி இறக்குவதே அங்கு ஒரே வழி. மனம் ஒப்பாதுதான். பாட்டன் போட்ட தளம் என்று சொல்லுவார்கள். ஆனாலும் இதில் நாம் விட்டுக்கொடுப்பதில்லை.

இனிப் பாரத்தைப் பற்றிய சிறு கணக்கு. ஒரு புசல் நெல் 46 இறாத்தல், ஏறத்தாழ 21 கிலோ. மூன்று புசல் மூட்டை ஒன்று 63 கிலோ. இருபது மூட்டை என்றால் 1,260 கிலோ. கிட்டத்தட்ட இருபது ஆட்கள் அசையாமல் ஒரே அறையில் இரவும் பகலும் நிற்பதற்குச் சமன். ஆள் ஏறி இறங்கிப் போவதை மரம் பொறுக்கும். மாதக்கணக்கில் இறங்காத பாரந்தான் அதை மெல்ல மெல்ல வளைத்து, வளைந்தபடியே இருக்கச் செய்கிறது.

இந்தக் கணக்கில் நமக்குச் சாதகமானதும் உண்டு. பதினாறு அடித் தீராந்தியின் நடுவில் ஒரு தாங்கல் கொடுத்தால் அது இரண்டு எட்டு அடித் தீராந்தியாகிறது. நீளம் பாதியானால் தொய்வு பாதியாகும் என்று எண்ணுவோம். இல்லை, தளம் முழுவதும் பரந்த பாரத்தின்கீழ் அது பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. புதிதாக மரம் போடுவோரும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆறங்குலத்திற்கு இரண்டங்குல மரத்தைத் தட்டையாகப் படுக்க வைப்பதைவிட, விளிம்பில் நிமிர்த்தி வைத்தால் ஒன்பது மடங்கு விறைப்பாக நிற்கும். அதே மரம், அதே காசு.

ஆனால் நடுத்தாங்கலுக்கு விலையொன்று இருக்கிறது. தீராந்தி வெட்டுப்படாமல் அதன்மேல் தொடர்ந்து செல்லுமானால், மொத்தப் பாரத்தில் எட்டில் ஐந்து பங்கு அந்த நடுவிலேயே இறங்கும். ஆகவே ஒவ்வொரு தீராந்திக்கும் தனித்தனி முட்டு வைப்பதை விட, எல்லாவற்றுக்கும் கீழே குறுக்காகக் கனமான வளையொன்றைக் கொடுத்து, அந்த வளையை இரண்டு மூன்று முட்டுகளால் தாங்குவது சிறந்தது.

ஜக்கு என்றவுடன் பலர் லொறிக்காரரிடம் எண்ணெய் ஜக்கை இரவல் வாங்கி வருவார்கள். அது தூக்குவதற்கு நல்லது. தாங்கி நிற்பதற்கு உகந்ததன்று. உள்ளேயுள்ள எண்ணெய் சிறிது கசிந்தாலும் ஓசையின்றி இறங்கிவிடும். திருகு ஜக்கு வேறு வகை. ஒரு சுற்றுக்கு அது கால் அங்குலம் உயருகிறது என வைத்துக்கொள்வோம். ஓரடி நீளப் பிடியைப் பிடித்த கை அந்தச் சுற்றில் 75 அங்குலம் சுற்றி வருகிறது. ஆகவே கணக்கின்படி முந்நூறு மடங்கு பலம் கிடைக்கவேண்டும். மரையின் உராய்வு அதிற் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதற்காக வருந்த வேண்டாம். கையை எடுத்த பின்னரும் திருகு தானாகச் சுழன்று இறங்காமல் பிடித்திருப்பது அதே உராய்வுதான்.

கொங்கிறீற் தட்டுப் போடும்போது மேசன்மார் வரிசையாக நிறுத்தும் இரும்பு முட்டுகளைக் கண்டிருப்பீர்கள். ஒன்றினுள் ஒன்று புகும் இரண்டு குழாய்கள். துளையில் ஊசியைச் செருகிப் பருமட்டாக உயரத்தை வைத்து, மரை வெட்டிய வளையத்தைச் சுற்றி நுணுக்கமாக உயர்த்துவது. சுவிற்சர்லாந்தில் பிறந்த வில்லியம் டி விஜியர் என்பவர் 1930களில் இங்கிலாந்திலிருந்து இதனைப் பரப்பினார். அவருடைய கம்பனியின் பெயரால் இன்றும் பலர் இதை 'அக்ரோ' என்றே சொல்லுகிறார்கள். நமது வேலைக்கு இதுவே மிகப் பொருத்தம். சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்தாற் போதும். இம்முட்டை நீட்ட நீட்ட அதன் தாங்குதிறன் குறையும். சரிந்து நின்றாலும் குறையும். ஆகையால் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்க்காமல் ஒருபோதும் திருக வேண்டாம்.

முட்டை எங்கே நிறுத்துகிறோம் என்பதிற்தான் பலரும் தவறுகிறார்கள். மேலே இருந்த பாரம் மறைந்து போகவில்லை; முட்டின் வழியாக உள்ளங்கையளவு நிலத்திற்கு வந்திருக்கிறது. இரண்டங்குலச் சீமெந்து நிலத்தின்மேல் அதை வைத்தால், நிலம் வெடித்து முட்டு புதையும். அந்த இடத்தில் நிலத்தை உடைத்து, இரண்டடிக்கு இரண்டடி, ஓரடி ஆழத்திற் கொங்கிறீற் போட்டு, ஒரு வாரமாவது நனைத்து இறுகவிட்ட பின்னரே பாரம் ஏற்ற வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணின்கீழே சுண்ணக்கல் வந்தால் அதிஷ்டம். வயற்பக்கத்துக் களிமண் மாரியில் வீங்கிக் கோடையிற் சுருங்கும். அங்கே இன்னும் அகலமாகப் போடுவது நல்லது. போர் நடந்த பகுதியானால் கண்ணிவெடி அகற்றி உறுதி செய்யப்படாத நிலத்தில், வீட்டுக்குள்ளே என்றாலும், அலவாங்கு போட வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

தூக்கும் முன்னர் மேலேயுள்ள மூட்டைகளை இறக்கிவிடுங்கள். முட்டின் தலைக்கும் வளைக்கும் இடையே கனமான இரும்புத் தகடொன்றை வைத்து, இறுகும்வரை கையாற் திருகவும். பின்னர் அரைச் சுற்று. அதாவது எட்டிலொரு அங்குலம். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் இன்னுமொரு அரைச் சுற்று. ஒன்றரை அங்குலத் தொய்வுக்குப் பன்னிரண்டு நாட்கள் செல்லும். பல வருடமாக வளைந்த மரம் ஒரே நாளில் நிமிர விரும்பாது.

இதனை நாம் படித்தறிந்ததாகச் சொன்னால் பொய்யாகும். ஒரு வீட்டில், வாலிபர்கள் நாலைந்து பேர் துணைக்கு நின்ற உற்சாகத்தில், எண்ணெய் ஜக்கை வைத்து ஒரே பின்னேரத்தில் இரண்டு அங்குலம் தூக்கினோம். தளம் மட்டமாயிற்று. தேநீரும் வந்தது. கோப்பையை வைக்குமுன் கதவு நிலைக்கு மேலே சுவர்ப்பூச்சு நீளமாக வெடித்தது. தீராந்தியின் ஒரு முனை சுவரை விட்டு மேலெழுந்து நின்றது. அந்த வீட்டு அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "சுவாமி, தூக்க முந்தி இந்த வெடிப்பு இருக்கேல்லையே?" என்றார். மறுமொழி சொல்ல நமக்கு வாய் வரவில்லை. விடியப் பார்த்தால் ஜக்கும் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. இரவு எவரும் அதன்கீழே படுக்காதது நமது புத்தியாலன்று. வெக்கைக்கு எல்லோரும் முற்றத்திற் படுத்ததால்.

முழு மட்டத்திற்கும் கொண்டுவர வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. மரம் முனகினால், பூச்சில் மயிர்க்கோடு ஓடினால், மேலறைக் கதவு இறுகினால் நிறுத்திவிடுங்கள். தொய்வில் பாதியை மீட்டு, மேலும் இறங்காமற் செய்தாலே வேலை வெற்றிதான். துள்ளல் மட்டுமே உள்ள தளத்திற்கு இத்தனை பாடும் வேண்டாம். குறுக்கு வளையைக் கொடுத்து முட்டை இறுக்கமாகத் தொடவிட்டாற் போதும். தீராந்திகளுக்கிடையே இறுக்கமான மரக்கட்டைகளை வரிசையாக அடித்துவிடுவதும் துள்ளலைக் குறைக்கும்.

வேண்டிய உயரம் வந்ததும், வாடகை முட்டுக்குப் பக்கத்திலேயே, அதே கொங்கிறீற்றின்மேல், நிரந்தரத் தூணை எழுப்புங்கள். நன்கு முற்றிய பனங்குற்றி உகந்தது. சீமெந்துக் கல்லாற் கட்டிய தூணும் நல்லதே. மரமானால் அதன் அடி நிலத்திலிருந்து அரையடி உயர்ந்த மேடையில் நிற்கட்டும். இடையே ஓரங்கள் கீழ்நோக்கி மடித்த நாகத் தகடொன்றை வைத்தால் கறையான் களவாக ஏறமுடியாது. தூணின் தலையில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராக அடித்து இறுக்கி, ஆணியால் நிலைப்படுத்திய பின்னரே முட்டைத் தளர்த்தவும். அதையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகவே.

இரும்பு முட்டையே நிரந்தரமாக விடுவோர், மரைக்குக் கிறீஸ் பூசி, பிடியைக் கழற்றி எடுத்து வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது நல்லதொரு விளையாட்டுப் பொருள். தூண் கைக்கெட்டும் இடத்தில் நிற்கிறதென்று அதில் ஆட்டையோ மாட்டையோ கட்டவும் கூடாது.

மூட்டைகளை மீண்டும் ஏற்றும்போது நடுவிற் குவிக்காமற் சுவரோரமாக அடுக்குங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு தடவையும் தை மாதத்தில் ஒரு தடவையும் நூலைக் கட்டி, சுவரில் எழுதி வைத்த கரிக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கால் அங்குலம் இறங்கியிருந்தால் ஆப்பை இறுக்குமுன் கொங்கிறீற்றைச் சுற்றியுள்ள நிலம் நனைந்திருக்கிறதா, கூரைத் தண்ணீர் அவ்விடத்தில் விழுகிறதா என்று பார்க்கவும்.