ஸ்பீக்கர் பெட்டியும் நாற்பது நாள் குழந்தையும்

எங்கள் ஊர் ஆம்பூர். ஷூ என்றாலும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள், பிரியாணி என்றாலும் சொல்வார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குப் பசை வாசனை ஒன்றும் புதிதல்ல. ஆனாலும் அது என் வீட்டுப் பின்னறைக்குள் வந்தபோதுதான் அதைப் பற்றி விசாரிக்கத் தோன்றியது.

சென்ற ஐப்பசியில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து எங்களோடு இருந்தாள். குழந்தைக்கு நாற்பது நாள். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் பையனுக்கு அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் பெட்டி செய்யும் ஆசை வந்தது. பழைய சாமான் கடையில் எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கினான். பிளைவுட்டைக் கடையிலேயே அளவாக அறுத்து வாங்கினான். ஒட்டுவதற்கு, ஷூ வேலை செய்யும் சிநேகிதனிடமிருந்து ஒரு டப்பா மஞ்சள் 'சொல்யூஷன்'. வெளியே மழை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒட்ட உட்கார்ந்துவிட்டான்.

அரை மணி நேரம் இருக்கும். "அம்மா, தலை வலிக்குது, குமட்டுது" என்றாள் மகள். பாயில் கிடந்த குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருவரையும் எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுப்பையும் கொசுவர்த்தியையும் அணைத்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். வெளிக்காற்று பட்டதும் மகளுக்குத் தலைவலி தணிந்தது. குழந்தையும் பால் குடித்துத் தூங்கிவிட்டது. தெளியாமல் சோர்ந்து கிடந்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பேன்.

அந்தப் பசை என்பது ரப்பரை டொலுயீன், ஹெக்சேன் போன்ற திரவத்தில் கரைத்தது. பூசியதும் திரவம் ஆவியாகிப் போகும், ரப்பர் மட்டும் நிற்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். அதனால் தரையோடு தரையாகத் தங்கும். குழந்தை படுத்திருப்பதும் தரையில்தானே! சட்டென்று தீப்பிடிக்கவும் செய்யும். கர்ப்பிணிகள் இந்தப் பசை பக்கமே போகக்கூடாது. நாள் கணக்கில் சுவாசித்தால் நரம்பையும் கெடுக்கும். ஜப்பானில் 1960-களில் வீட்டில் உட்கார்ந்து செருப்பு ஒட்டியவர்களுக்குக் கை கால் மரத்து பலம் குறைந்துபோனது. காரணம் பசையிலிருந்த ஹெக்சேன் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்தில் ஷூ மேல்தோல் தைக்கும் வேலையை வீட்டுக்கு வாங்கிச் செய்யும் பெண்கள் நிறையப் பேர். தையலோடு ஒட்டும் வேலையும் சேர்ந்து வந்தால் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ வைத்துச் செய்யுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். தவறிப்போய்க் குழந்தை அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். இத்தனை பாடுபட்டு ஒட்டியதாவது நின்றதா? மூன்றாம் நாள் ஸ்பீக்கரை மாட்டித் தூக்கியபோது ஒரு மூலை வாயைப் பிளந்தது. எங்களுக்குக் கதவு செய்து கொடுத்த வயதான ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்து மோந்து பார்த்தார். "இது செருப்புக்கு ஒட்டற சரக்கும்மா. தகடு மாதிரி அகலமா ஒட்டறதுன்னா சரி. பலகை முனைக்கு முனை சேர்க்க ஆவாது. ரப்பராவே நிக்கும், பாரம் ஏத்தினா நழுவும்" என்றார்.

மரத்துக்கு வெள்ளைப் பசைதான், நாம் ஃபெவிகால் என்று சொல்வது. 1959-ல் வந்தது. அதற்கு முன்னால் ஆசாரிகள் வஜ்ஜிரம் காய்ச்சினார்கள். வஜ்ஜிரம் எதிலிருந்து வருகிறது தெரியுமோ? மாட்டுத் தோலிலிருந்து! தோல் பதனிடும் இடத்தில் சீவித் தள்ளும் சதையும் விளிம்புத் துண்டும் வஜ்ஜிரம் காய்ச்சப் போகும். செருப்புக்கு ரப்பர் பசை, மரத்துக்குத் தோல் பசை. வேடிக்கைதான். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துப் பதமாக இளக்க வேண்டும், கொதித்தால் பிடிப்பு போய்விடும் என்றார் பெரியவர். வயலின் செய்கிறவர்கள் இன்றும் இதை விடவில்லை. பழுது பார்க்க வேண்டுமானால் ஈரச்சூடு காட்டிப் பிரித்துக்கொள்ளலாமே.

பழைய பசையைச் சுரண்டி இழைத்துவிட்டு, முதலில் பசையில்லாமலே பெட்டியைச் சேர்த்துப் பார்த்தார். மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சதுரம். பிறகு பலகையின் அறுத்த முனையில் மெல்லிசாக ஒரு பூச்சு. அறுத்த வாய் பசையைக் குடித்துவிடுமாம், அதனால் சற்றுப் பொறுத்து இன்னொரு பூச்சு. சேர்த்து அழுத்தியபோது விளிம்பு நெடுக முத்து முத்தாகப் பசை பிதுங்கியது. பிதுங்காவிட்டால் பசை போதவில்லை என்று அர்த்தம். வழிந்ததை உடனே ஈரத்துணியால் துடைத்தார்.

இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எங்களிடம் இல்லை. பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துப் பெட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டச் சொன்னார். மேலே என் அம்மிக்கல்! உள்மூலைகளில் முக்கால் அங்குல ரீப்பர் வைத்துப் பசையோடு ஸ்குரூவும் போட்டார். மழைக்காலம், ஒரு நாள் முழுக்கத் தொடாதே என்று பையனிடம் கண்டிப்பாகச் சொன்னார். தண்ணீர் காய்ந்தால்தான் அந்தப் பசை இறுகும். பின்பலகையை மட்டும் ஒட்டவில்லை. நடுவில் ஃபோம் பட்டை கொடுத்து ஸ்குரூவால் முடுக்கினார்கள், நாளைக்கு ரிப்பேருக்குத் திறக்க வேண்டுமே.

ஒரு பெட்டிக்கு இத்தனை கெடுபிடியா என்று கேட்டேன். பையன் விளக்கினான். ஸ்பீக்கர் காகிதம் முன்னும் பின்னும் அசைகிறது. முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் மத்தள ஓசை போன்ற கனத்த சத்தம் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதைப் பிரித்து வைக்கத்தான் பெட்டி. மூட்டில் ஊசி நுழையும் சந்து இருந்தாலும் உஸ்ஸென்று காற்று வரும்.

பாட்டைப் போட்டுவிட்டு மூட்டு ஓரமெல்லாம் ஊதுபத்தியை நகர்த்திப் பார்த்தோம். ஒரே இடத்தில் புகை ஆடியது. அங்கே மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்தான்.

மஞ்சள் டப்பாவை அன்றே இறுக மூடித் திருப்பிக் கொடுக்க வைத்தேன். இன்னொரு காதுக்கும் வேண்டும் என்று இப்போது இரண்டாவது பெட்டிக்குப் பலகை வாங்கி வைத்திருக்கிறான். ரம்பத்தூள் நெஞ்சுக்கு ஆகாது, மூக்கில் துணி கட்டிக்கொண்டு மாடியில்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அம்மிக்கல்லையும் அவனேதான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.