கொள்முதல் ஏட்டில் இருக்கிறது, 2பி-யில் இல்லை!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நம்பியிருக்கும் மளிகைக் கடைகளுக்கு ஆண்டில் இரண்டு மாதம் தனிக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நின்றால், பல நாள் தொழிலுக்கு ஏற்றிப் போகும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடையிலேயே நிற்கும். கொடுத்த கடனும் எளிதில் திரும்பாது. ரொக்கம் சுருங்கும் இத்தகைய சமயத்தில், நமக்குச் சேரவேண்டிய இன்புட் வரி கைநழுவிப் போனால் எப்படி?

1-1-2022 முதல் சட்டம் இதுதான்: நமக்குச் சரக்கு விற்றவர் தமது ரிட்டர்னில் அந்தப் பில்லைக் காட்டி, அது நமது ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் ஏறியிருந்தால்தான் இன்புட் எடுக்க முடியும். ரூ.60,000-க்குச் சமையல் எண்ணெய் வாங்கினால் 5 சதவீத வரி ரூ.3,000. பணத்தை முழுதாகக் கொடுத்தது நாம், பில்லைக் காட்டாமல் விட்டது அவர், நஷ்டம் நமக்கு. (காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்களுக்கு இன்புட் கிடையாது. அவர்களுக்குக் கீழே சொல்லும் கடன் கணக்கு மட்டும் பயன்படும்.)

மாதந்தோறும் 14-ம் தேதி 2பி தயாராகிறது. நம்மில் பலர் அதை அச்செடுத்து, கொள்முதல் ஏட்டை அருகில் வைத்துப் பென்சிலால் டிக் போடுகிறோம். இருபது பில் என்றால் சரி. இருநூறு என்றால் கண் தவறும். கணிப்பொறியிடம் இதை ஒரே கேள்வியாகக் கேட்டுவிடலாம். அப்படிக் கேட்கும் மொழிதான் எஸ்.கியூ.எல்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த காட் என்பவர் 1970-ல், கணக்குகளை வரிசையும் பத்தியுமான அட்டவணைகளாக வைக்கும் முறையை எழுதினார். அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் 1974-ல் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க இம்மொழியை உருவாக்கினர். பேரேடு எழுதிப் பழகிய வணிகருக்கு இது அந்நியமல்ல. ‘செலக்ட்’ என்றால் எதைக் காட்டவேண்டும். ‘ஃப்ரம்’ என்றால் எந்த ஏட்டிலிருந்து. ‘வேர்’ என்றால் என்ன நிபந்தனை. ‘குரூப் பை’ என்றால் எதன் வாரியாக. “கடன் ஏட்டிலிருந்து, ஏப்ரல் 14 வரை, படகு வாரியாக நிலுவையைக் கூட்டு” என்பது இந்த நான்கு சொல்லில் அடங்கிவிடும். மார்ச் மாதமே இதைக் கேட்டுப் பார்த்தால், எந்தப் படகுக்கு மேற்கொண்டு கடன் கொடுப்பது என்பதைத் தடைக்காலத்துக்கு முன்பே முடிவு செய்யலாம்.

இரண்டு ஏடுகளை ஒப்பிட ‘ஜாயின்’ என்ற சொல் வேண்டும். கொள்முதல் ஏட்டை இடப்புறமும் 2பி-யை வலப்புறமும் வைத்து ‘லெஃப்ட் ஜாயின்’ போட்டால், நம் பில்கள் அனைத்தும் வரும். 2பி-யில் ஜோடி இல்லாதவற்றுக்கு வலப்புறம் காலியாக இருக்கும். அந்தக் காலியை ‘நல்’ என்பார்கள். அது பூஜ்யம் அல்ல, ‘பதிவே இல்லை’ என்று பொருள். ‘நல்’ வந்த வரிகளை மட்டும் எடுத்தால், எந்த மொத்த வியாபாரிக்குப் போன் செய்யவேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்கும். ஏடுகளை இடம் மாற்றியும் ஒருமுறை கேட்கவேண்டும். நாம் வாங்காத சரக்குக்கு நம் எண்ணில் பில் ஏறியிருந்தால் அதில் தெரியும். 2024 அக்டோபரில் வந்த இன்வாய்ஸ் மேலாண்மை வசதியில் அதை நிராகரிக்கலாம்.

பெயரை வைத்து ஜோடி சேர்த்தால் வேலை கெடும். ‘அண்ட் கோ’, ‘அண்ட் கம்பெனி’ இரண்டும் கணிப்பொறிக்கு வேறு வேறு ஆள். 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்தே ஒப்பிடவேண்டும். பில் எண்ணிலும் தொல்லை உண்டு: நாம் 45 என்று பதிந்திருப்போம், அவர் 0045 என்று ஏற்றியிருப்பார். இடைவெளியை நீக்கவும், முன்னால் நிற்கும் பூஜ்யங்களை எடுக்கவும் எஸ்.கியூ.எல்.-லில் வழி இருக்கிறது. ஆனால் திருத்தத்தை நகலில்தான் செய்யவேண்டும். இறக்கிய 2பி-யும் டாலியிலிருந்து எடுத்த ஏடும் தொடாமல் அப்படியே இருக்கட்டும். ஆடிட்டர் கேட்டால் காட்டவேண்டியது அதைத்தான்.

டாலியிலேயே 2பி-யை ஒப்பிடும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அதுவே போதுமானவர்கள் அதோடு நிற்கலாம். ஆனால் செய்தவர் நினைத்து வைத்த கேள்விகளுக்குத்தான் எந்த மென்பொருளும் ஆயத்தமாகப் பதில் தரும். படகு வாரியான நிலுவை நமது கேள்வி.

ஒரே கடை என்றால் எஸ்.கியூ.லைட் என்ற இலவச மென்பொருள் கடைக் கணிப்பொறியிலேயே ஓடும். ராயபுரத்தில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று எனக் கிளைகள் வைத்திருப்பவர்களுக்குத்தான், இணையம் வழியே எல்லாக் கணக்கும் ஓரிடத்தில் சேரும் ‘கிளவுட்’ வசதி உபயோகப்படும். கூகுளின் பிக்குவெரியில் மாதம் 10 ஜி.பி. சேமிப்பும் 1 டி.பி. அளவுக்குக் கேள்வியும் இலவசம். பணம் கட்டும் விவரம் தராமல் ‘சாண்ட்பாக்ஸ்’ முறையில் சேர்ந்தால் மட்டும், ஏற்றிய அட்டவணைகள் 60 நாளில் தாமாக அழிந்துவிடும். தடைக்காலமோ 61 நாள். ஏப்ரல் 15 அன்று ஏற்றிய கணக்கைப் படகுகள் கிளம்பும்போது தேடினால் கிடைக்காது.