கட்டடம் எந்த நேரத்தில் கரண்டை இழுக்கிறது?

கரண்ட் பில்லில் இருப்பது இரண்டு மாதக் கூட்டுத்தொகை. எந்த நேரத்தில், எந்தத் தளத்தில் அவ்வளவும் செலவானது என்று அது சொல்லாது. கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், ஒரு லிஃப்ட், ஒரு தண்ணீர் மோட்டார் உள்ள நடுத்தரக் கட்டடத்தில் அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய செலவு வேண்டாம்.

முதல் கருவி ஏற்கெனவே சுவரில் இருக்கிறது. ஈ.பி. மீட்டரில் மினுங்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று மீட்டர் முகப்பில் அச்சிட்டிருக்கும். 800 என்று வைத்துக்கொள்வோம். 10 துடிப்புக்கு 9 வினாடி ஆனால், 10-ஐ 3600-ஆல் பெருக்கி, 9-ஆலும் 800-ஆலும் வகுக்க வேண்டும். விடை 5 கிலோவாட். அந்த நேரத்தில் கட்டடம் முழுவதும் இழுக்கும் சுமை அதுதான். சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்த பெரிய இணைப்பாக இருந்தால் அதற்குரிய பெருக்கல் எண்ணையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து, கடை பூட்டியதும் ஒரு ரீடிங், காலையில் திறக்கும் முன் ஒரு ரீடிங். வித்தியாசத்தை மணிக்கணக்கால் வகுத்தால் இரவுச் சுமை கிடைத்துவிடும். இரவு 10 மணி நேரம் 3 கிலோவாட் ஓடினால் மாதத்துக்கு 900 யூனிட்! ஃபிரிட்ஜ், கேமரா, சர்வர் போக மீதி எங்கே போகிறது? ஃப்ரீசரையும் சர்வரையும் தொடாமல், மற்ற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்துத் துடிப்பைக் கவனியுங்கள். எது அணைந்ததும் துடிப்பு சட்டென்று மந்தமாகிறதோ, அங்கே தேடுங்கள். சிக்கனத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். ஆளில்லாத அறையில் ஓடும் ஏசியை நிறுத்தினால் யாருக்கும் புழுங்காது.

மூன்று பேஸிலும் சுமை சமமாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கிளாம்ப் மீட்டர் போதும். 'ட்ரூ ஆர்எம்எஸ்' வகையாக வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒயரைத்தான் கவ்வ வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் காட்டும். நியூட்ரலையும் தவறாமல் அளக்க வேண்டும். கம்ப்யூட்டரும் எல்இடி விளக்கும் நிறைந்த தளங்களில், மூன்று பேஸும் சமமாக இருந்தால்கூட, ஹார்மோனிக்ஸ் காரணமாக நியூட்ரலில் கரண்ட் ஓடும். நியூட்ரல் ஒயர் மெல்லியதாக இருந்தால் சூடாகிவிடும்.

தொடர்ந்து கண்காணிக்க, எல்லாச் சர்க்யூட்டிலும் கருவி மாட்டுவது வீண்செலவு. மெயினில் ஒன்று, ஏசி லைனில் ஒன்று, லிஃப்ட்-மோட்டார் லைனில் ஒன்று போதும். கரண்டை மட்டும் அளக்கும் மலிவான சென்சார் ஏமாற்றிவிடும்: 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடினால் அது 2300 என்று கணக்கிடும், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் உண்மையில் 1840 வாட்தான். ஆகவே வோல்டேஜையும் சேர்த்து அளக்கும் கருவியாகவும், ஆர்எஸ்-485 அல்லது வைஃபை வழியே கம்ப்யூட்டருக்குக் கணக்கு அனுப்புவதாகவும் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும் வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள், அதுவும் மெயினை அணைத்த பிறகு. 5 ஆம்பியர் சி.டி.யின் இரண்டாம் பக்க ஒயரை, கரண்ட் ஓடும்போது ஒருபோதும் கழற்றக் கூடாது. அந்த முனைகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு வோல்டேஜ் எழும்.