உங்களுக்குத் தெரியுமா?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது 1856-ல். அதைவிட ஒரு வயது மூத்த நீராவி எஞ்சின் ஒன்று, 2010-ல் சென்னையில் மறுபடி புகைவிட்டு ஓடியது!

• பெயர் ஈ.ஐ.ஆர். 21. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்து, கிழக்கிந்திய ரயில்வேக்காக வங்காளம் வந்தது.

• 1909-ல் ஓய்வு. பழைய இரும்புக்குப் போகாமல் நூறு ஆண்டுகள் வெறும் காட்சிப்பொருள். உயிர்கொடுத்தது பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்.

• இதன் உடன்பிறப்பு ‘ஃபேரி குயின்’ (எண் 22). அதையும் ஓடவைத்தது பெரம்பூர்தான். பின்னாளில் பாகங்கள் திருடுபோக, 2011-ல் மீண்டும் பெரம்பூருக்கே வந்தது. பாட்டியையும் விடவில்லை திருடர்கள்!