தறி நின்றிருக்கும் நேரம்

விசைத்தறி ஓட்டுவோருக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பாவு நூல் அறுந்தால் அது நிற்காது. நெய்பவர்தான் கண்டு நிறுத்தி, இழையை எடுத்து முடிச்சுப் போட்டு, மீண்டும் ஓட விட வேண்டும். காணாமல் விட்டால் மீட்டர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் துணியில் கோடு விழும்.

நோய்களிலும் இவ்விரு வகை உண்டு. எலும்பு முறிந்தாலோ மாரடைப்பு வந்தாலோ மனிதர் தாமே நின்றுவிடுகிறார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அப்படி நிறுத்துவதில்லை. பல ஆண்டுகள் சத்தமின்றி ஓடவிட்டு, ஒருநாள் சிறுநீரகத்திலோ கண்ணிலோ பாதத்திலோ கோட்டைக் காட்டுகின்றன.

எங்களிடம் வருவோர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எப்பொழுது வேலைக்குப் போகலாம்?" என்பதே. அதில் தவறேதும் இல்லை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கும், பீஸ் ரேட்டில் ஓவர்லாக் தைப்பவருக்கும், உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் சனிக்கிழமைச் சம்பளத்தில் ஓட்டை. வாடகையும் வட்டியும் நோய்க்கு விடுமுறை தருவதில்லை. ஆயினும் அந்தக் கேள்விக்கு முன்பாகக் கேட்க வேண்டிய வேறொன்று இருக்கிறது: எந்த வேலைக்கு, எவ்வளவு நேரத்திற்கு, எதற்காக?

இவ்விடத்தில் ஒரு மருத்துவரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறோம். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1918-ஆம் ஆண்டு எட்டையபுரத்திற்கு அருகிலுள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் சிலர் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். முப்பது வயதை எட்டும்போது முடக்குவாதம் தாக்கியது. மாதக்கணக்கில் படுக்கை, விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பேனாவைப் பிடிப்பதே கடினமாயிற்று. மகப்பேறு மருத்துவம் என்ற திட்டம் அத்துடன் முடிந்தது.

படுக்கையில் கிடந்த நாட்களில் அவர் என்னென்ன எண்ணினார் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. எழுந்த பின் என்ன செய்தார் என்பது தெரியும். பழைய இலக்கை மீண்டும் துரத்தவில்லை. மருத்துவத்தை விட்டும் போகவில்லை. கண் மருத்துவத்திற்கு மாறினார். 1951-இல் பட்டயமும் 1954-இல் மேற்பட்டமும் பெற்றார். தம் விரல்களுக்கேற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கத் தம்மைப் பழக்கினார். அந்தக் கைகளால் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்திற்கும் மேல். 1976-இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தோரையும் அவர்தம் துணைவர்களையும் சேர்த்துக்கொண்டு, மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது இன்று நம் திருப்பூரிலும் கிளை விரித்திருக்கிறது.

பெரியவர்களின் கதை நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அவரிடம் பட்டம் இருந்தது, பின்னர் அரசுச் சம்பளமும் இருந்தது. கைமடியாக நிற்கும் பெண்ணுக்கு அவை இல்லை. ஆகவே யோசிப்பதற்குரிய அமைதியை முதலில் பணம்தான் வாங்கித் தர வேண்டும் என்பதை நாங்கள் மறைக்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி உங்களுடையதே என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சம்பளத்தில் 0.75 விழுக்காடு இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கப்படுகிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ள ஆறு மாதங்களில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்காலப் பணப்பயன் பெறத் தகுதி உண்டு. இ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வுக்குச் சான்று தந்தால், சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். காசநோய், புற்றுநோய் முதலான 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டாண்டுகள் தொடர்ந்து பணியில் இருந்து உரிய சந்தா கட்டியவர்களுக்கு, 80 விழுக்காடு வரை நீட்டிப்பு உண்டு. சந்தா பிடித்தம் இல்லாத தறித் தொழிலாளர் குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்க்கட்டும். அது சிகிச்சைச் செலவுக்கு உதவும். இழந்த கூலியை ஈடுசெய்யாது. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையின் பழைய நோட்டில் மீந்திருக்கும் ஒரு தாள் போதும். முதலில் உடல் இப்போது எதற்கு இடம் கொடுக்கிறது என்பதை எழுதுங்கள். ஆசையை அல்ல, உள்ளதை. பன்னிரண்டு மணி நேரம் நின்று அயர்ன் செய்ய முடியாதென்றால், உட்கார்ந்து செக்கிங் பார்க்க முடியுமா? இரவு ஷிப்ட்டில் தூக்கமும் மாத்திரை நேரமும் குலைகிறதென்றால், பகல் ஷிப்ட் கேட்டுப் பார்க்கலாமா? கூலி குறையும், எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டு எழுதுங்கள். மனத்திற்குள் அச்சமாக இருக்கும்வரை அந்தத் தொகைக்கு அளவில்லை. தாளில் இறங்கியதும் அது வெறும் எண்தான். எந்தக் கடனை முதலில் அடைப்பது, எந்தச் சீட்டை நிறுத்துவது, எந்த விசேஷத்தைச் சுருக்குவது என்பவையெல்லாம் அந்த எண்ணிலிருந்தே புறப்படும். கடைசியில் ஒரு வரி உங்களுக்கென்று இருக்கட்டும். பாதியில் விட்ட படிப்போ, சொந்த ஊரில் ஒரு சிறு வீடோ, எதுவாயினும் சரி. அது கைகூடாத ஆசையாகத் தோன்றினாலும் எழுதிவையுங்கள்.

இதைத் தனியே எழுத வேண்டாம். உடனிருந்து பார்த்துக்கொள்பவரும் பக்கத்தில் இருக்கட்டும். வார்டுகளில் நாங்கள் காண்பது இதுதான்: நோயாளிக்குக் கட்டிலாவது இருக்கிறது, உடனிருப்பவருக்குச் சுவரோரம் ஒரு பாய். நோயாளியின் மாத்திரைகளை மணி தவறாமல் கொடுக்கும் மனைவி, தம் இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று சொல்லத் தெரியாமல் நிற்பார். அவருடைய வேலை, உறக்கம், பரிசோதனை நாள் ஆகியவையும் அதே தாளில் இடம் பெற வேண்டும். இரவில் யார் விழித்திருப்பது, யார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது என்று பெயரோடு எழுதினால், பாதிச் சண்டை அங்கேயே குறையும் என்பது எங்கள் அனுபவம்.

நின்று யோசிப்பது நம் பகுதிக்குப் புதிதும் அன்று. நொய்யலில் கழிவுநீர் கலந்ததற்காக, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலையிழந்தோர் பட்ட பாடு சிறிதன்று. மீண்டும் திறந்தவை பழையபடி ஓட முடியவில்லை. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பின்பே ஓடின. அந்த மாற்றத்தைத் தாமாகவே சில ஆண்டுகள் முன்பே செய்திருந்தால் இழப்பு எவ்வளவோ குறைந்திருக்கும்.

எழுதிய தாளை அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது மருந்துச் சீட்டுடன் சேர்த்து எடுத்துவாருங்கள். நீங்கள் எழுதிய வேலை நேரத்திற்கு ஏற்ப மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா, எத்தனை கிலோ வரை தூக்கலாம், எப்போது தறிக்கூடத்திற்குத் திரும்பலாம் என்பவற்றை அதை வைத்தே பேசலாம். பாதி எழுதிய தாளானாலும் போதும்.